கடலுக்குப் போன தண்ணீரைத் தேடி

மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டுவிட்டது என்ற செய்தி வந்த மறுநாளே எங்கள் பக்கத்து டீக்கடைகளில் ஒரு கணக்கு தொடங்கிவிடும். கொள்ளிடத்தில் எத்தனை ஆயிரம் கன அடி திறக்கிறார்கள், விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி என்றால் இன்றைக்கு மட்டும் எத்தனை டிஎம்சி போயிருக்கும், அதைத் திருப்பி விட்டிருந்தால் பெருந்துறையிலிருந்து அன்னூர் வரைக்கும் எத்தனை குளம் நிறைந்திருக்கும் என்று நீளும் அந்தக் கணக்கு, "அத்தனையும் வீணாக் கடலுக்குப் போகுதுங்க" என்ற பெருமூச்சில் போய் முடியும். தொலைக்காட்சியிலும் அதே பேச்சு, மேடையிலும் அதே பேச்சு. ஆயிரம் அடிக்குக் குழாய் இறக்கியும் வெறும் புகையே வந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த கொங்கு மண்ணில் அந்தப் பெருமூச்சு இயல்பானது. அதற்குப் பின்னால் இருக்கும் வறட்சி பொய்யும் அல்ல. ஆனாலும் சில ஆண்டுகளாக அதைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் ஒப்பவில்லை.

அதற்குக் காரணம் கடல் அல்ல, எங்கள் வாய்க்கால். பவானிசாகரிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடி 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாயும் கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதா வேண்டாமா என்று அரசாணை 276 வந்த பிறகு பாசனக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றதை இந்தப் பக்கத்தில் எல்லோரும் அறிவார்கள். கசிந்து வீணாகும் தண்ணீரைத் தடுத்தால் கடைமடைக்குப் போகும் என்றது ஒரு கட்சி. கசிவு வீண் அல்ல, கிணறுகளை ஊற வைப்பதும், தாழ்வான ஓடைகளில் தேங்கிக் கசிவுநீர்ப் பாசனமாவதும், வாய்க்கால் பாசனமே இல்லாத ஊர்களின் குடிநீராவதும் அதுதான் என்றது இன்னொரு கட்சி. என் வீட்டுக்காரர் இரண்டாவது கட்சி. வாய்க்கால் கரையில் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்களில் ஒருவர். மதகில் அளக்கிற தண்ணீர் மட்டும் தண்ணீர் அல்ல, கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் போவதும் கணக்கில் உண்டு என்று அவர் பேசியதை நான் பெருமையோடு கேட்டிருக்கிறேன். அதே மனிதர் ஆடி மாதம் டீக்கடையில் கடலுக்குப் போவது வீண் என்று சொல்லும்போது நான் கேட்காமல் இருப்பது எப்படி? கேட்டேன். வாய்க்காலிலிருந்து கசிவது வீண் இல்லை என்றால் ஆற்றிலிருந்து கடலுக்குப் போவது மட்டும் எப்படி வீணாகும் என்று கேட்டதற்கு, "கசிவுத் தண்ணில நாம கெணறு எறைக்கறோம் அம்மிணி, கடல்ல எவன் கெணறு எறைக்கறான்?" என்றார். சரியான கேள்விதான். உட்கார்ந்த இடத்திலிருந்து அதற்குப் பதில் சொல்ல முடியாது என்று தோன்றியது. கீழ்பவானியில் ஆகஸ்ட் 15 தண்ணீர் திறப்பார்கள். திறந்துவிட்டால் அப்புறம் வயலை விட்டு நகர முடியாது. ஆடிப்பெருக்குக்குப் பவானிக் கூடுதுறையில் முளைப்பாரி விட்ட கையோடு, அந்தத் தண்ணீர் போகிற வழியிலேயே காரில் போய்க் கடலோரம் நடந்து பார்த்துவிட்டு வரலாம் என்று முடிவு செய்தோம்.

கொடுமுடி தாண்டி

கட்டுச்சோறும் கச்சாயமும் ஒரு பை நிலக்கடலையும் கொஞ்சம் பழைய பவானி ஜமக்காளமும் வண்டியில் ஏறின. தெற்கே இறங்கி வரும் காவிரி கிழக்கே திரும்பும் கொடுமுடியில் சற்று நின்றோம். ஆறு கரை முட்ட ஓடியது. அதற்குக் கீழே நொய்யல் சேர்கிறது. திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டப்பட்டது என்பதும், அதன் தண்ணீரைப் பாசனத்துக்குத் தொட முடியாமல் போனதும், 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே கழிவு நீரைச் சுத்திகரிக்கும் வேலை உறுதியாக நடந்ததும் நாம் அறிந்த கதை. காவிரியில் நம் பக்கத்திலிருந்து கீழே போனது நல்ல தண்ணீர் மட்டும் அல்ல என்பதை, வீண் கணக்குப் போடுகிறவர்கள் அந்த இடத்தில் நின்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கரூரைத் தாண்டியதும் சாலையும் ஆறும் கூடவே வருகின்றன. குளித்தலைப் பக்கம் வாழைத்தோட்டங்களின் நடுவே ஜமக்காளத்தை விரித்துக் கட்டுச்சோற்றை முடித்தோம். முக்கொம்பில்தான் என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தச் சொல்லி நெடுநேரம் நின்றார். 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை இருந்த இடம் அது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் மதகுகள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்ட பிறகு புதிய கதவணை கட்டியிருக்கிறார்கள். வலப்புறம் காவிரி அளவோடு போகிறது, இடப்புறம் கொள்ளிடம் வெள்ளத்தை வாங்கிக்கொண்டு விரிகிறது. பாசனத்துக்கு வேண்டியது காவிரியில், தாங்காதது கொள்ளிடத்தில் என்ற ஏற்பாடு. கல்லணையில் மறுபடியும் பிரிவு: காவிரி, வெண்ணாறு, 1934இல் திறந்த கல்லணைக் கால்வாய், கொள்ளிடம். அங்கிருந்து கும்பகோணம் வரைக்கும் வழியெல்லாம் வாய்க்கால், கிளை வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று ஆறு தன்னைப் பகிர்ந்து கொடுத்துக்கொண்டே போவதைப் பார்த்தபடி வந்தோம். திருவையாற்றில் சூடான அசோகா ஒரு கரண்டி வாங்கித் தின்றதும் கும்பகோணத்தில் காலைச் சிற்றுண்டிக்கு இட்லியோடு பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட கடப்பா கிடைத்ததும் நல்ல நினைவுகள்தான், ஆனால் அவற்றுக்காக நாங்கள் வரவில்லை.

பூம்புகாரும் தரங்கம்பாடியும்

பூம்புகாரில் காவிரி கடலைத் தொடும் இடத்துக்கு முதன்முறை போகிறவர்கள், குறிப்பாகப் பவானியிலிருந்து போகிறவர்கள், மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும். மேலையூரில் கடைசிக் கதவணையைத் தாண்டி வரும் ஆறு, கூடுதுறையில் நாம் பார்த்த அந்த அகண்ட ஆறுதானா என்று கேட்கும் அளவுக்கு ஒடுங்கிப் போயிருக்கிறது. இரு புறமும் பாறைக்கல் கொட்டிய கரைகளுக்கு நடுவே கலங்கல் நீர் மெல்ல நகர்ந்து அலைக்குள் நுழைகிறது. மேட்டூர் வழிந்த ஆடியிலும் அவ்வளவுதான். "இதுக்கா நாம அத்தன பேச்சுப் பேசுனோம்?" என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வெள்ளக் காலத்தில் கடலுக்குப் போகும் நீரில் பெரும்பகுதி கொள்ளிடம் வழியே போகிறது. காவிரி என்ற பெயரோடு கடலுக்கு வந்து சேர்வது டெல்டா முழுக்கப் பங்கு பிரித்த பிறகு மிஞ்சுவது மட்டுமே.

முகத்துவாரத்திலிருந்து கடலோரமாக வானகிரிப் பக்கம் நடந்தோம். கடலை ஓரிடத்தில் நின்று பார்ப்பதற்கும் ஓரமாக நடப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இந்தப் பயணத்தில்தான் நன்றாக உணர்ந்தேன். நின்று பார்த்தால் அலை மட்டும் தெரிகிறது. நடந்தால் மணலின் நிறம் மாறுவது தெரிகிறது, எந்த இடத்தில் கரை அரித்திருக்கிறது, எங்கே கல் கொட்டியிருக்கிறார்கள், எந்த ஊரில் ஃபைபர் படகுகளைக் கரையேற்ற மணல் இருக்கிறது, எந்த ஊரில் இல்லை என்பதெல்லாம் தெரிகிறது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலும் மணலும்தான் டெல்டா. மேலே ஒவ்வோர் அணையும் அந்த மணலையும் வண்டலையும் பிடித்து வைத்துக்கொள்ள, ஆற்றுக்குள்ளேயே மிச்ச மணலை லாரி லாரியாக அள்ளிக்கொள்ள, கடலுக்கு வரவேண்டிய மண் வராமல் போகிறது. அலை மட்டும் தன் வேலையை நிறுத்தாமல் செய்கிறது. கரை அரிப்புக்குத் துறைமுகச் சுவர்கள் முதலான வேறு காரணங்களும் உண்டு. ஆனால் மண் வரத்து குறைந்தது அவற்றுள் முதன்மையான ஒன்று. எங்களூரில் அம்மியை நகர்த்துகிற ஆடிக் காற்று, பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வரும் அதே மேல்காற்று, அங்கே முதுகுக்குப் பின்னாலிருந்து கடலை நோக்கி வீசியது. அலைகளின் முகட்டிலிருந்து நீர்த்துளிகளைக் கடல் பக்கமாகவே அது திருப்பி எறிந்துகொண்டிருந்தது.

தரங்கம்பாடியில் தங்கினோம். டேனிஷ்காரர்கள் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்ற கதை, 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு அச்சுக்கூடம் வைத்துத் தமிழ் நூல்கள் அச்சிட்ட வரலாறு எல்லாம் அங்கே வருகிறவர்கள் தெரிந்தே வருகிறார்கள். நாங்கள் அதிக நேரம் நின்றது மாசிலாமணிநாதர் கோயில் முன்புதான். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், 1306ஆம் ஆண்டைச் சேர்ந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. எஞ்சியதைக் காக்கக் கல் கொட்டியிருக்கிறார்கள். அலை வந்து மோதும் கற்களுக்கும் கோயிலுக்கும் இடையே சில அடிகள்தான். காலையில் கோட்டையிலிருந்து வடக்கே மணலில் நடந்தபோது ஒரு முதியவர், தம் சிறுவயதில் கடல் எங்கே இருந்தது என்று கையை நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் இப்போது படகு ஓடுகிறது.

மாலையில் காரைக்காலைக் கடந்து நாகூர் போய் வந்தோம். வாடா தின்பதற்காகவே போனோம் என்றும் சொல்லலாம். அரிசி மாவில் வெங்காயம் சேர்த்துத் தட்டி, மேலே முழு இறாலை அழுத்திப் பதித்து, எண்ணெயில் பொரித்து, கூடவே வதக்கிய வெங்காயத்தோடு தருகிறார்கள். வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே மெத்தென்றும் இருக்கிறது. இறாலின் வால் மட்டும் மாவுக்கு வெளியே சிவந்து நிற்கிறது. இறாலே பிடிக்காது என்று வண்டியில் சொல்லிக்கொண்டு வந்த வீட்டுக்காரர் இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார். எங்கள் பக்கம் மீன் என்றால் பவானிசாகர் ஜிலேபியும் கட்லாவும்தான். கடல் எங்களுக்கு வந்து சேர்வது சந்தையில் விற்கும் நெத்திலிக் கருவாடாகவும் சென்னாக்கூனியாகவும் மட்டுமே. அது இங்கிருந்துதான் வருகிறது என்ற எண்ணமே அங்கே அந்த வாடாவைக் கையில் வைத்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

பழையாற்று மடவை

மறுபடி வடக்கே திரும்பி, திருமுல்லைவாசலைத் தாண்டிப் பழையாற்றுக்குப் போனோம். கொள்ளிடம் கடலோடு சேர்வது அந்தப் பக்கத்தில். டீக்கடைக் கணக்கில் வரும் அத்தனை டிஎம்சியும் வந்து சேரும் இடம் என்றால் இதுதான். வெள்ளம் சற்று வடிந்திருந்தது; மேலே நாதல்படுகை, முதலைமேடு போன்ற படுகை ஊர்களில் தண்ணீர் புகுந்து இறங்கிய தடம் வீட்டுச் சுவர்களில் தெரிந்தது. கொள்ளிடம் பெருகும்போதெல்லாம் அந்த ஊர்கள் அவதிப்படுகின்றன. தண்ணீர் கடலுக்குப் போவது நல்லது என்று சொல்ல வருகிறவர்கள் அந்தச் சுவர்களையும் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் முடியும் நேரம். கூறு கட்டி வைத்திருந்த மீன்களில் எது ஆற்றோரம் வளர்ந்தது, எது ஆழ்கடல் மீன் என்று ஓர் அக்கா பிரித்துச் சொன்னார்கள். வஞ்சிரமும் பாறையும் கடல். கொடுவாவும் மடவையும் பச்சை நண்டும் முகத்துவாரத்தைச் சார்ந்தவை. எங்களுக்கு அவற்றின் மேல் இருந்த அக்கறையைப் பார்த்து, வாங்கினால் வீட்டில் சமைத்தே தருகிறேன் என்று அழைத்துப் போனார்கள். சமைத்துத் தருவதும் அவர்கள் வருமானத்தில் ஒரு பகுதி என்பதால் நாங்களும் தயங்காமல் போனோம்.

வீட்டு வாசலில் அரிவாள்மனையைக் காலில் அழுத்திக்கொண்டு அந்த அக்கா மடவையைச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். செதிலைச் சுரண்டி, செவுளை எடுத்து, வயிற்றைக் கீறியதும் உள்ளேயிருந்து கெட்டியான ஓர் உருண்டையை எடுத்து வெளியே வைத்தார்கள். நாட்டுக்கோழி அறுக்கும்போது தீனியை அரைக்கிற கெட்டிச் சதை ஒன்று வருமே, அதே போன்றது. மடவை சேற்றின் மேல் படியும் பாசியையும் மட்கையும் மண்ணோடு சேர்த்து உறிஞ்சித் தின்கிற மீன். அதை அரைப்பதற்கு அந்தச் சதை. அதைப் பிளந்தபோது உள்ளே கரும்பழுப்பு நிறத்தில் நைந்த சேறு இருந்தது. என் வீட்டுக்காரர் குனிந்து அதை விரலில் எடுத்தார். நிலம் வாங்கப் போகும்போது மண்ணை எப்படித் தேய்த்துப் பார்ப்பாரோ அப்படிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தார். மணல் நறநறக்கவில்லை. விரல் ரேகையில் வழவழவென்று படிந்தது. "ஏனுங்க, இது ஆத்து வண்டலுங்களே" என்றார். "பின்ன, ஆத்துத் தண்ணி வராம மடவைக்கு ஏதுண்ணே சோறு?" என்றார்கள் அந்த அக்கா, கத்தியை நிறுத்தாமலே. தண்ணீர் நன்றாக வரும் வருடம் மடவை கொழுப்போடு இருக்கும், வராத வருடம் தலையும் முள்ளும்தான் என்றார்கள்.

அவர்களுடைய கணவர் வலை பின்னிக்கொண்டே இறாலைப் பற்றிச் சொன்னார். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் அலையோடு முகத்துவாரத்துக்குள் புகுந்து, உவர்ப்பும் நன்னீரும் கலந்த கழியில் சில மாதம் வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்புகின்றன. ஆற்றில் வெள்ளமே வராத வருடங்களில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும். வாசல் அடைபட்டால் குஞ்சு உள்ளே வர வழி இல்லை, வளர்ந்தது வெளியே போகவும் வழி இல்லை. படகும் உள்ளே வர முடியாமல் தட்டி நிற்கும். மணலை அடித்துத் தள்ளுவது வெள்ளம்தான். இப்போது கலங்கலில் மீன் விலகிப் போயிருக்கிறது, வெள்ளம் இறங்கிக் கொஞ்ச நாள் கழித்து வந்து பாருங்கள் என்றார். கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு நிற்பதும் இந்த இரண்டு தண்ணீரும் கலப்பதால்தான். 2004 சுனாமியின்போது அந்தக் காட்டின் மறைவில் இருந்த குடியிருப்புகள் தப்பியது அந்தப் பக்கத்தில் பலருக்கும் நேரில் தெரிந்த செய்தி. நம் பவானியிலும் காவிரியிலும் கிடைக்கும் விலாங்கு கூட முட்டையிடக் கடலுக்குத்தான் போக வேண்டும் என்று நான் சொன்னேன். அவருக்கு அது புதுச் செய்தி இல்லை. எங்கள் ஊர் வரைக்கும் ஏறி வரும் என்பதுதான் புதிதாக இருந்தது.

குழம்பு கொதித்தது. சின்ன வெங்காயமும் தக்காளியும் நிறைய வதக்கி, கெட்டிப் புளி ஊற்றி, மிளகாய்த்தூள் பச்சை வாசனை போகும்வரை கொதிக்க விட்டு, கடைசியில் மாங்காய்த் துண்டோடு மீனைப் போட்டு, கரண்டி விடாமல் சட்டியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார்கள். தேங்காய் இல்லாமல் குழம்பா என்று கேட்கும் ஊர்க்காரி நான். அந்த மடவைக்குத் தேங்காய் தேவையே இல்லை. அதன் கொழுப்பே குழம்பின் மேல் மெல்லிய எண்ணெயாக மிதந்தது. சதையில் இலேசாக மண் மணமும் இருந்தது. அந்த மணத்தை எங்கள் இருவருக்குமே முன்பே தெரியும். வாய்க்காலில் முதல் தண்ணீர் வரும் நாளில் வயல்வெளியெல்லாம் அதே மணம்தான் அடிக்கும்.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ அடிகுழாய்க்குப் போனபோதுதான் இந்தப் பயணத்தின் உண்மையான பதில் கிடைத்தது. வீட்டுக்காரர் அடித்தார், நான் கழுவினேன். பழக்க தோஷத்தில் அவர் ஒரு கை அள்ளி வாயில் விட்டார். கொஞ்சம் கரிப்பு, ஆனால் விழுங்கலாம். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் குழாயில் குடிக்கும்படியான தண்ணீர் எப்படி என்று கேட்டார். இப்போதுதான் இப்படி என்றார்கள் அந்த அக்கா. கொள்ளிடத்தில் தண்ணீர் ஓடி அடங்கிய பிறகு சில மாதம் வாயில் வைக்கலாம், அப்புறம் சித்திரை, வைகாசியில் துணிகூட அலச முடியாது, குடம் கணக்கில் விலைக்கு வாங்கத்தான் வேண்டும், தண்ணீரே வராத வருடங்களில் ஆற்றுக்குள் கடல் ஏறிவந்து உள்ளூர் வயல்களில் நெல் கருகிவிடும் என்றார்கள். நிலத்தடியில் நன்னீர் கடலை எதிர்த்துத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. மேலேயிருந்து வரத்து குறைந்தால் கடல் உள்ளே வருகிறது. கீழ்பவானிக் கரையில் நின்று அவர் ஆண்டுக்கணக்காகப் பேசியதன் மறுபாதி இது. கடலில் எவன் கிணறு இறைக்கிறான் என்று கேட்டவர், கிணறு இறைக்கிற வீட்டின் வாசலில் குழாய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எதுவும் சொல்லவில்லை. "சரி அம்மிணி, எறைக்கறாங்க" என்றார் அவரே.

எவ்வளவு என்பதுதான் கேள்வி

காவிரி நடுவர் மன்றம் 2007இல் ஆற்றின் நீரை 740 டிஎம்சி என்று கணக்கிட்டுப் பிரித்தபோது தமிழகத்துக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று ஒதுக்கியதை நாம் மனப்பாடமாகச் சொல்வோம். அதே பட்டியலில் சுற்றுச்சூழலுக்கு 10 டிஎம்சியும், தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு 4 டிஎம்சியும் இருப்பதை யாரும் சொல்வதில்லை. நால்வரின் பங்கையும் கூட்டினால் 726தான் வரும், மிச்சம் 14. அந்தப் பதினான்கும் போதுமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கடலுக்குப் போவதும் ஒரு பங்கு என்று அந்தக் கணக்குப் போட்டவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். அதை ஏட்டளவில் விட்டுவிட்டு, வெள்ளம் வரும் மாதத்தில் வீண் என்றும் வராத ஆண்டில் விதி என்றும் பேசுவது பழையாற்றுக்காரர்களுக்குச் செய்யும் அநீதி.

இதைச் சொல்லும்போது எங்கள் பக்கத்துத் தேவையை நான் மறந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரில் 1.5 டிஎம்சியை எடுத்து 1,045 குளங்களுக்குக் கொண்டுபோகும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியபோது, அதற்காகப் பல பத்தாண்டுகள் போராடியவர்களோடு சேர்ந்து எங்கள் வீட்டிலும் மகிழ்ச்சி இருந்தது. அந்த 1.5 டிஎம்சி எங்களுக்கு வேண்டும். அதைக் கேட்பதற்கு எங்கள் வறட்சியே போதுமான காரணம். கடலுக்குப் போவது வீண் என்ற காரணம் அதற்குத் தேவையில்லை. எனக்கு ஊறவேண்டும் என்று உரிமையோடு கேட்பதும், உனக்கு ஊறுவது வீண் என்று இன்னொருவரைப் பார்த்துச் சொல்வதும் ஒன்றல்ல. முன்னதைச் சொல்ல நமக்குத் தகுதி உண்டு, பின்னதைச் சொல்லக் கீழ்பவானிக் கசிவுநீரில் வாழும் நமக்குக் கொஞ்சமும் தகுதி இல்லை.

வீட்டுக்காரர் இதில் பாதிக்கு ஒப்புக்கொள்கிறார். மீதியில் இன்னும் வாதம் ஓடுகிறது. கடல் உள்ளே ஏறுவதைத் தடுக்கக் கொள்ளிடத்தில் ஆதனூருக்கும் குமாரமங்கலத்துக்கும் நடுவே கட்டியிருப்பது போன்ற கதவணைகள் இன்னும் வேண்டும், தண்ணீரும் நிற்கும் உப்பும் ஏறாது என்பது அவர் கட்சி. கதவணை உப்பைத் தடுக்கும், மடவையையும் இறால் குஞ்சையும் வண்டலையும் சேர்த்துத்தானே தடுக்கும் என்பது என் கட்சி; மேட்டூர் அணை வருவதற்கு முன் காவிரியில் ஏறி வந்த உல்லம் மீன் இப்போது எங்கே என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை, ஆனால் உப்பேறிய வயலுக்கு என்ன செய்வாய் என்று அவர் திருப்பிக் கேட்டால் என்னிடமும் பதில் இல்லை. அறுவடை முடிந்து தை மாதத்தில், வெள்ளம் வடிந்து இறால் பிடிபடும் நேரத்தில், அந்தக் கதவணைக்கு மேல் ஒரு நாளும் கீழ் ஒரு நாளும் நடந்து பார்த்துவிட்டு வரலாம் என்று பேசியிருக்கிறோம். மடவையை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டுமாம். பழையாற்று அக்காவின் எண்ணை அவர்தான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்.